பேக்கேஜ் நிறுவும்போது மெமரி தீர்ந்துபோகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ஜிபி ராம் உள்ள வாடகை சர்வர், ராஸ்பெர்ரி பை, பழைய மடிக்கணினி. இவற்றில் ஏதாவது ஒரு பேக்கேஜை நிறுவப்போய், பாதியில் நின்றுவிட்டது என்று கேட்டு வருகிறவர்களுக்காக இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். பெரும்பாலானவர்கள் உடனே "அதிக ராம் வாங்க வேண்டுமா?" என்றுதான் கேட்கிறார்கள். பல நேரங்களில் தேவையில்லை. மெமரியை எது தின்கிறது என்று பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்கினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் வழக்கம்போல ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். சூழல் மாறிகளின் (நிரல்கள் படித்துக்கொள்ளும்படி ஷெல்லில் வைக்கும் மதிப்புகள்) பெயர்களை முழுக்கப் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும். வேறு எங்காவது பெரிய எழுத்து வேண்டுமானால் அங்கேயே சொல்கிறேன்.

பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் கருவியில் பிப் இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று "கில்டு" என்ற ஒரே சொல் வந்து நின்றுவிட்டது. என்ன நடந்தது?

அநேகமாக லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான் அதை நிறுத்தியிருக்கும். ராமும் தீர்ந்து, ஸ்வாப்பும் (ராம் போதாதபோது வட்டில் பயன்படுத்தும் இடம்) தீர்ந்து, கேட்பவருக்குக் கொடுக்க இனி எதுவும் இல்லை என்ற நிலை வந்தால், கெர்னலுக்குள் இருக்கும் ஓஓஎம் கில்லர் (மெமரி தீர்ந்தால் ஏதாவது ஒன்றை நிறுத்தி இடம் பிடிக்கும் பகுதி) விழித்துக்கொள்ளும். அப்போது எந்தப் புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) அதிக மெமரியைப் பிடித்து வைத்திருக்கிறதோ, பொதுவாக அதற்கு சிக்னல் 9, அதாவது உடனே நில் என்ற ஆணை, போகும். இந்த சிக்னலை எந்த நிரலாலும் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. அதனால்தான் பிப்போ கம்பைலரோ (மூல நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) ஒரு விளக்கமும் சொல்லாமல் போய்விடுகிறது. சொல்வதற்கு அதற்கு நேரமே கிடைப்பதில்லை.

உறுதி செய்ய இரண்டு வழிகள். ஒன்று, நின்றவுடன் "எக்கோ டாலர்-கேள்விக்குறி" தட்டிப் பாருங்கள். 137 என்று வந்தால், 128-உடன் 9 சேர்ந்த எண் அது. சிக்னல் 9-ஆல் நின்றது என்று பொருள். இரண்டு, "சூடோ டிமெஸ்ஜி" தட்டி கடைசி வரிகளைப் பாருங்கள். "அவுட் ஆஃப் மெமரி: கில்டு புராசஸ்" என்று தொடங்கும் வரி இருக்கும். அதில் ஓர் எண், அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர், அப்புறம் "அனான்-ஆர்எஸ்எஸ்" என்று கிலோபைட் கணக்கு.

அந்தப் பெயரைத் தவறாமல் குறித்து வையுங்கள். "சிசி1" அல்லது "சிசி1பிளஸ்" என்றிருந்தால் கம்பைலர். "ரஸ்ட்சி" என்றால் ரஸ்ட் மொழியின் கம்பைலர். "பைத்தான்" என்றால் பிப்பே. "நோட்" என்றால் என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிறுவும் கருவி). "மைஎஸ்கியூஎல்டி" என்றால் உங்கள் தரவுத்தளம் பலியாகியிருக்கிறது. இந்தப் பெயரைப் பொறுத்துத்தான் கீழே எந்தக் கேள்விக்குப் போக வேண்டும் என்பது முடிவாகும்.

எனக்கு "கில்டு" வரவில்லை, "மெமரிஎரர்" என்று வந்தது. இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. "மெமரிஎரர்" பைத்தான் தானே எழுப்பும் பிழை. மெமரி கேட்டது, கிடைக்கவில்லை, முறையாகச் சொல்லிவிட்டு நின்றது. 32-பிட் பைத்தான், யூலிமிட் போன்ற வரம்பு, அல்லது ஒரே மூச்சில் மிகப் பெரிய துண்டைக் கேட்டது ஆகியவை வழக்கமான காரணங்கள்.

பைடார்ச் போன்ற நூற்றுக்கணக்கான எம்பி உள்ள கோப்பை இறக்கும்போது, பழைய பிப் பதிப்புகள் இறக்கிய கோப்பைத் தற்காலிகச் சேமிப்பில் வைப்பதற்காக முழுவதையும் மெமரிக்குள் எடுத்துக்கொள்ளும். சின்ன இயந்திரத்தில் அங்கேயே விழுந்துவிடும். முதலில் பிப்பை மேம்படுத்துங்கள். அண்மைய பதிப்புகளில் இதைச் சரிசெய்துவிட்டார்கள். மேம்படுத்த முடியாத சூழல் என்றால், இன்ஸ்டால் கட்டளையோடு --நோ-கேஷ்-டிர் சேர்த்து ஓட்டுங்கள். இந்த ஒரு விருப்பம் காப்பாற்றிய இயந்திரங்கள் பல. ஆனால் இதை எல்லாவற்றுக்கும் மருந்தாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அது தவறு. கம்பைலர் மெமரியைத் தின்னும்போது இந்த விருப்பத்தால் ஒரு பயனும் இல்லை.

ஐந்து எம்பி பேக்கேஜுக்கு ஏன் அரை ஜிபி ராம் போதவில்லை?

இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. நிறுவுவது என்று நாம் சொல்லும் வேலை இரண்டு வகை. ஒன்று, ஏற்கெனவே சமைத்த சாப்பாட்டைப் பொட்டலமாக வாங்கிப் பிரித்து வைப்பது. இன்னொன்று, அரிசி பருப்பை வாங்கிவந்து வீட்டில் உலை வைப்பது. பைத்தான் உலகில் முதலாவதற்கு வீல் என்று பெயர், கோப்பின் பெயர் "டாட் டபிள்யூஹெச்எல்" என்று முடியும். இரண்டாவது மூல நிரல், "டாட் டார் டாட் ஜிஇசட்" என்று முடியும். வீலைப் பிரிக்க மெமரி அதிகம் தேவையில்லை. மூல நிரலிலிருந்து கட்டுவதற்குத்தான் தேவை.

நான் இதைக் கற்றுக்கொண்டது எல்எக்ஸ்எம்எல் பேக்கேஜில். 512 எம்பி ராம், ஸ்வாப் கிடையாது, வாடகைக்கு எடுத்த சர்வர். பிப் இன்ஸ்டால் கொடுத்தால் சில நிமிடம் ஓடும், அப்புறம் "இன்டர்னல் கம்பைலர் எரர்: கில்டு" என்று வரும்; பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சிசி1. கம்பைலரில்தான் கோளாறு என்று நினைத்து ஜிசிசி என்ற அந்தக் கம்பைலரின் பதிப்பை மாற்றினேன், எல்எக்ஸ்எம்எல் பதிப்பை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் இன்னொரு முனையத்தில், எது எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று காட்டும் ஹெச்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி ஓட்டினேன். சிசி1 என்ற ஒரே வரி மெதுவாக மேலே ஏறி வந்தது. பச்சைப் பட்டை நீண்டுகொண்டே போய் வலது விளிம்பைத் தொட்டது. திரை ஓரிரு விநாடி உறைந்தது. பிறகு பட்டை சட்டென்று பாதியாகக் குறைந்தது. சிசி1 வரியைக் காணோம்.

காரணம் எளிது. எல்எக்ஸ்எம்எல்லின் மையப் பகுதி சைத்தானில் (பைத்தான் போன்ற நிரலை சி மொழிக்கு மாற்றும் மொழி) எழுதப்பட்டது. அதிலிருந்து தானாக உருவாகும் ஒரே ஒரு சி கோப்பு இரண்டு லட்சம் வரிகளைத் தாண்டும். அதை ஜிசிசி முழுமையாக மேம்படுத்திக் கம்பைல் செய்ய அரை ஜிபி போதாது. ஐந்து எம்பி என்பது இறக்கும் பொட்டலத்தின் அளவு. அதைக் கட்டத் தேவையான மேசையின் அளவு வேறு. அன்று ஒரு ஜிபி ஸ்வாப் கோப்பு போட்டதும் வேலை முடிந்தது. இன்று எல்எக்ஸ்எம்எல்லுக்குப் பெரும்பாலான தளங்களுக்கு ஆயத்த வீல் கிடைக்கிறது, அதனால் இந்தத் தொல்லையே வராது. வேறு பேக்கேஜ்களில் இதே கதை இன்றும் நடக்கிறது.

என் இயந்திரத்தில் நடப்பது பிரிப்பதா, கட்டுவதா? எப்படித் தெரிந்துகொள்வது?

பிப் ஓடும்போது வரிகளைப் படியுங்கள். "டவுன்லோடிங்" என்ற வரியில் கோப்பின் பெயர் டபிள்யூஹெச்எல் என்று முடிந்தால் நிம்மதி. டார் டாட் ஜிஇசட் என்று முடிந்து, கொஞ்ச நேரத்தில் "பில்டிங் வீல் ஃபார்" என்று வந்தால் உலை ஏறிவிட்டது என்று பொருள்.

கட்டவே கூடாது, ஆயத்தமாக இருந்தால் மட்டும் நிறுவு என்று கட்டளையிட முடியும். --ஒன்லி-பைனரி என்ற விருப்பத்துக்கு இருபுறமும் முக்காற்புள்ளி இட்ட "ஆல்" என்ற மதிப்பைக் கொடுங்கள். வீல் இல்லாத பேக்கேஜ் எதுவோ அதன் பெயரைச் சொல்லி உடனே நின்றுவிடும். இருபது நிமிடம் காத்திருந்து சர்வர் உறைவதைவிட இது எவ்வளவோ மேல். --பிரிஃபர்-பைனரி என்று இன்னொன்று உண்டு. புதிய பதிப்புக்கு வீல் இல்லாமல் சற்றுப் பழைய பதிப்புக்கு இருந்தால், பழையதையே எடுத்துக்கொள்ளும். சின்ன இயந்திரங்களில் நான் இதை எப்போதும் வைத்திருப்பேன்.

நண்பருக்கு வீல் இறங்குகிறது, எனக்கு மட்டும் மூல நிரல் இறங்குகிறது. ஏன்?

நான்கு காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

பைத்தான் மிகப் புதியது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் வாக்கில் புதிய பைத்தான் பதிப்பு வருகிறது. அன்றே எல்லாப் பேக்கேஜுக்கும் வீல் தயாராகிவிடாது. சிலவற்றுக்குப் பல வாரம், பல மாதம் பிடிக்கும். இதுதான் நான் அதிகம் பார்க்கும் காரணம். ஒரு பதிப்பு பின்னால் போய், அதற்கு ஒரு மெய்நிகர் சூழல் (பேக்கேஜ்களைத் தனியாக வைத்துக்கொள்ளும் அடைவு) உருவாக்கினால் போதும், பிரச்சினை மறைந்துவிடும்.

பிப் மிகப் பழையது. புதிய வகை வீல்களின் பெயரிடும் முறை பழைய பிப்புக்குப் புரியாது. புரியாததால் அது மூல நிரலுக்குப் போய்விடும். எதற்கும் முன்பு பிப்பை மேம்படுத்திக்கொள்வது நல்லது.

ஆல்பைன் லினக்ஸ். டாக்கர் இமேஜ் (நிரலை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய பொட்டலம்) சிறியதாக இருக்க வேண்டும் என்று ஆல்பைனை எடுக்கிறார்கள். அது வழக்கமான லினக்ஸ்களில் இருக்கும் ஜிலிப்சி என்ற சி நூலகத்துக்குப் பதிலாக மசல் என்ற நூலகத்தைப் பயன்படுத்துகிறது. வழக்கமான லினக்ஸ் வீல்கள் ஜிலிப்சிக்காகக் கட்டப்பட்டவை, இங்கே ஓடா. மசலுக்கென்று தனி வீல் வகை 2021-இல் வரையறுக்கப்பட்டது, பல பேக்கேஜ்கள் இப்போது அதையும் தருகின்றன. ஆனால் எல்லாம் தருவதில்லை. பாண்டாஸ், சைபை வகைப் பேக்கேஜ்களோடு வேலை செய்கிறவர்கள் டெபியனை அடிப்படையாகக் கொண்ட "ஸ்லிம்" இமேஜை எடுத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். இமேஜில் மிச்சப்படும் எம்பிகளுக்காகக் கட்டும் நேரத்தில் ஜிபி கணக்கில் மெமரி கொடுப்பது நியாயமில்லை.

நான்காவது, செயலியின் வகை. 32-பிட் ராஸ்பெர்ரி பை இயங்குதளத்துக்குப் பைபிஐயில் (பிப் பேக்கேஜ்களை இறக்கும் பொதுக் களஞ்சியம்) வீல்கள் அரிது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் பைவீல்ஸ் என்ற திட்டம் இருக்கிறது. அவர்கள் ராஸ்பெர்ரி பைக்காகக் கட்டிவைத்த வீல்களைத் தருகிறார்கள், ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் அது ஏற்கெனவே இணைக்கப்பட்டே வருகிறது. வேறு இயங்குதளம் போட்டிருந்தால் பிப் அமைப்பில் நீங்களே சேர்க்க வேண்டும்.

வேறு வழியே இல்லை, கம்பைல் செய்துதான் ஆகவேண்டும். மெமரியை எப்படிக் குறைப்பது?

முதல் வேலை, ஒரே நேரத்தில் ஓடும் கம்பைலர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது. நிஞ்சா என்ற கட்டும் கருவி, சொல்லாவிட்டால் சிபியு கோர்களின் எண்ணிக்கையைவிடச் சற்று அதிகமாகவே வேலைகளை ஓட்டும். 8 கோர், 8 ஜிபி ராம் உள்ள இயந்திரத்தில் பத்து சி++ கம்பைலர்கள் ஒரே நேரத்தில் ஓடி, ஒவ்வொன்றும் ஒரு ஜிபி கேட்டால் கணக்கு இடிக்கிறது. கோர் அதிகமாக இருப்பதே இங்கே பாதகம். அதனால்தான் "என் கணினி சக்தி வாய்ந்தது, நண்பனின் பழைய கணினியில் நிறுவ முடிகிறது, என்னுடையதில் முடியவில்லை" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு நல்ல எடுத்துக்காட்டு ஃபிளாஷ் அட்டென்ஷன் என்ற பேக்கேஜ். ராம் 96 ஜிபிக்குக் கீழ் இருந்து கோர்கள் நிறைய இருந்தால், நிஞ்சா அளவுக்கு மீறி வேலைகளை ஓட்டி மெமரியைத் தீர்த்துவிடலாம் என்று அதன் நிறுவல் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். 96 ஜிபி! அதே குறிப்பு சொல்லும் தீர்வு, மேக்ஸ்_ஜாப்ஸ் என்ற சூழல் மாறியை 4 போன்ற சிறிய எண்ணாக வைப்பது.

எந்தக் கருவிக்கு எந்த மாறி என்று சொல்லிவிடுகிறேன். பைடார்ச் நீட்சிகளுக்கு மேக்ஸ்_ஜாப்ஸ். மேக் என்ற கட்டும் கருவி என்றால் மேக்ஃபிளாக்ஸ் மாறியில் "மைனஸ் ஜே1". சிமேக் என்றால் சிமேக்_பில்ட்_பேரலல்_லெவல். ரஸ்ட் என்றால் கார்கோ_பில்ட்_ஜாப்ஸ். எதை வைப்பது என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் 1 என்று வைத்துவிட்டு ஓட்டுங்கள். ஒன்றும் கெடாது. நேரம் மட்டும் கூடும். இரவு ஓடவிட்டுக் காலையில் பார்க்கலாம்.

ஒரே கம்பைலர் ஓடியும் போதவில்லை என்றால், அதாவது எல்எக்ஸ்எம்எல் போல ஒற்றைப் பெரிய கோப்பு என்றால், சிஃபிளாக்ஸ் மாறியில் "மைனஸ் ஓ0 மைனஸ் ஜி0" கொடுங்கள் (ஓ மட்டும் பெரிய எழுத்து). முதலாவது மேம்படுத்தலை நிறுத்துகிறது, இரண்டாவது பிழைதிருத்தத் தகவல்களை விலக்குகிறது. இரண்டும் கம்பைலரின் பசியைக் குறைக்கும். சி++ என்றால் சிஎக்ஸ்எக்ஸ்ஃபிளாக்ஸ் மாறியிலும் அதையே கொடுக்க வேண்டும். ஆனால் மேம்படுத்தாமல் கட்டிய பேக்கேஜ் பின்னால் மெதுவாக ஓடும். சோதனைக்குச் சரி, உண்மையான பயன்பாட்டுக்கு ஸ்வாப் போட்டு முழுமையாகக் கட்டுவதே நல்லது.

ஸ்வாப் கோப்பு எப்படிப் போடுவது? எவ்வளவு?

நான்கு கட்டளைகள், எல்லாம் சூடோவோடு. ஃபால்லொகேட் கட்டளையால் மூல அடைவில் "ஸ்வாப்ஃபைல்" என்ற பெயரில் 2 ஜிபி கோப்பு உருவாக்குங்கள். சிஹெச்மாட் 600 கொடுத்து வேறு பயனர்கள் படிக்க முடியாதபடி பூட்டுங்கள். மெமரியில் இருந்த கடவுச்சொற்கள் அதில் போய் உட்காரலாம் என்பதால் இதை விடக்கூடாது. எம்கேஸ்வாப் கொடுத்து வடிவமையுங்கள். ஸ்வாப்ஆன் கொடுத்து இயக்குங்கள். அப்புறம் "ஃப்ரீ மைனஸ் ஹெச்" தட்டினால் ஸ்வாப் வரியில் 2 ஜிபி தெரிய வேண்டும். சர்வரை மறுபடி தொடங்கிய பின்னும் இருக்க வேண்டுமானால் எஃப்எஸ்டேப் கோப்பில் (தொடங்கும்போது எவற்றை இணைக்க வேண்டும் என்ற பட்டியல்) ஒரு வரி சேர்க்க வேண்டும். நிறுவுவதற்கு மட்டும்தான் என்றால் வேண்டாம்.

பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் இந்த வழி அப்படியே வேலை செய்யாது. அதற்கென்று பிடிஆர்எஃப்எஸ் கருவியிலேயே எம்கேஸ்வாப்ஃபைல் என்ற துணைக்கட்டளை இருக்கிறது. எஸ்டி அட்டையில் ஓடும் ராஸ்பெர்ரி பையில் பெரிய ஸ்வாப்பை நிரந்தரமாக வைக்காதீர்கள், ஓயாத எழுதல் அட்டையைத் தேய்த்துவிடும். அங்கே இசட்ராம் நல்ல மாற்று. அது ராமின் ஒரு பகுதியிலேயே பக்கங்களைச் சுருக்கி வைக்கிறது.

ஸ்வாப்ஆன் கொடுத்தால் "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" என்கிறது. சூடோதான் கொடுத்தேன்.

உங்களுக்குக் கிடைத்திருப்பது முழு மெய்நிகர் இயந்திரம் இல்லை, ஓபன்விஇசட் போன்ற கொள்கலனாக இருக்கலாம். அங்கே கெர்னல் வழங்குநருடையது, ஸ்வாப்பும் அவர் தருவதுதான். வேறோர் இயந்திரத்தில் கட்டி எடுத்து வருவதுதான் உங்கள் வழி. கீழே சொல்லியிருக்கிறேன்.

ஃப்ரீ கட்டளையில் "ஃப்ரீ" என்ற நெடுவரிசையில் 80 எம்பிதான் தெரிகிறது. எதுவும் ஓடவில்லையே?

அந்த நெடுவரிசையைப் பார்க்காதீர்கள், "அவைலபிள்" என்ற கடைசி நெடுவரிசையைப் பாருங்கள். சும்மா கிடக்கும் ராமை லினக்ஸ் கோப்புகளின் நகல்களை வைத்துக்கொள்ளப் பயன்படுத்துகிறது. தேவைப்பட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். அந்தக் கணக்குதான் "பஃப்/கேஷ்".

"ஷேர்டு" என்ற நெடுவரிசை மட்டும் நிறுவும்போது ஏறிக்கொண்டே போகிறதே?

நல்ல கவனிப்பு. தற்காலிகக் கோப்புகளை வைக்கும் உங்கள் டிஎம்பி அடைவு ராமுக்குள்ளேயே இருக்கிறது. ஃபெடோராவில் பல ஆண்டுகளாகவே டிஎம்பி அடைவு டிஎம்பிஎஃப்எஸ் முறையில் ராமில்தான் இருக்கிறது. 2025-இல் வந்த டெபியன் 13-இலும் அதுவே இயல்பு. பிப் தன் பொட்டலங்களைப் பிரிப்பதும் கட்டுவதும் அந்த அடைவில்தான். ஆக, கம்பைலர் ஒரு பக்கம் ராமைக் கேட்க, அது எழுதும் கோப்புகள் இன்னொரு பக்கம் அதே ராமை நிரப்புகின்றன. சில நேரம் மெமரி பிழைக்குப் பதிலாக "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று வந்து குழப்பும். வட்டில் 40 ஜிபி காலியாக இருக்கும்.

தீர்வு ஒரே வரி. வீட்டு அடைவில் ஒரு தற்காலிக அடைவை உருவாக்கி, டிஎம்பிடிர் என்ற சூழல் மாறியில் அதன் பாதையைக் கொடுத்துவிட்டு பிப்பை ஓட்டுங்கள். முடிந்ததும் அடைவை அழித்துவிடலாம்.

நான் பேக்கேஜ் நிறுவினேன், விழுந்தது என் தரவுத்தளம்! ஏன் இப்படி?

ஓஓஎம் கில்லருக்கு எது முக்கியம், எது புதிதாக வந்தது என்று தெரியாது. அது பார்ப்பது பெரும்பாலும் அளவைத்தான். மைஎஸ்கியூஎல் 600 எம்பியோடு உட்கார்ந்திருக்க, கம்பைலர் 300 எம்பியில் இருந்தால், போவது மைஎஸ்கியூஎல்தான். வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சர்வரில் இப்படி நடந்தால் வயிறு கலங்கிவிடும். ஓடும் சர்வரில் முன்னேற்பாடு இல்லாமல் எதையும் கம்பைல் செய்யாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

முன்னேற்பாடு கடினமில்லை. சூம் என்ற சிறு கருவி பெரும்பாலான லினக்ஸ்களில் ஏற்கெனவே இருக்கும், ஆங்கிலத்தில் சி-ஹெச்-ஓ-ஓ-எம். "சூம் மைனஸ் என் 1000" என்று தட்டி, இரண்டு கோடுகளுக்குப் பின் உங்கள் பிப் கட்டளையை எழுதினால், மெமரி தீரும்போது முதலில் பலியாவது இந்தப் புராசஸும் இது பெற்றெடுத்தவையும்தான். இன்னும் இறுக்கமாக வேண்டுமானால் சிஸ்டம்டி-ரன் கட்டளையை --ஸ்கோப் விருப்பத்தோடு ஓட்டி, மெமரிமேக்ஸ் (இரு சொற்களின் முதல் எழுத்தும் பெரியது) என்ற பண்புக்கு 700 எம்பி என்று வரம்பு வையுங்கள். நிறுவல் அந்த வேலிக்குள்ளேயே வாழும், அதற்குள்ளேயே சாகும். தரவுத்தளத்தைத் தொடாது.

உபுண்டு டெஸ்க்டாப்பில் முனைய ஜன்னலே மறைந்துவிட்டது. பிழைச் செய்தியைப் பார்க்கவே முடியவில்லை.

இது கெர்னல் செய்ததாக இல்லாமல், சிஸ்டம்டி-ஓஓஎம்டி என்ற சேவை செய்ததாக இருக்கலாம். ஃபெடோரா 34 முதலும் உபுண்டு 22.04 டெஸ்க்டாப்பிலும் அது இயல்பாக ஓடுகிறது. மெமரி முழுக்கத் தீரும்வரை காத்திராமல், நெருக்கடி கூடும்போதே புராசஸ்களின் ஒரு குழுவை முழுதாக நிறுத்திவிடும். முனையமும் அதற்குள் ஓடும் கம்பைலரும் ஒரே குழுவில் இருந்தால் இரண்டும் சேர்ந்து போகும். "ஜர்னல்சிடிஎல் மைனஸ் யு சிஸ்டம்டி-ஓஓஎம்டி" தட்டினால் எதை நிறுத்தியது என்று எழுதியிருக்கும்.

டாக்கரிலும் டபிள்யூஎஸ்எல்லிலும் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) மட்டும் விழுகிறது. கணினியில் 16 ஜிபி இருக்கிறதே?

கணினியில் இருப்பது வேறு, உள்ளே கொடுத்திருப்பது வேறு. டபிள்யூஎஸ்எல் 2 இயல்பாக விண்டோஸ் மெமரியில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும். கூட்ட வேண்டுமானால் விண்டோஸ் பயனர் அடைவில் டாட் டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் என்ற கோப்பில், டபிள்யூஎஸ்எல்2 பகுதியின் கீழ் மெமரி மதிப்பை எழுதி, "டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்" கொடுத்துவிட்டு மறுபடி திறக்க வேண்டும். ஆப்பிளின் மேக் கணினியில் டாக்கர் டெஸ்க்டாப் என்றால் அமைப்புகளில் ரிசோர்சஸ் பக்கம். கொள்கலன் நின்ற பிறகு "டாக்கர் இன்ஸ்பெக்ட்" கொடுத்து "ஓஓஎம்கில்டு" என்ற இடத்தைப் பாருங்கள். "ட்ரூ" என்றிருந்தால் வரம்புதான் காரணம்.

என்பிஎம் இன்ஸ்டாலில் "ஜாவாஸ்கிரிப்ட் ஹீப் அவுட் ஆஃப் மெமரி" வருகிறது.

இங்கே விழுந்தது கெர்னலின் கையால் இல்லை. நோடின் வி8 இயந்திரம் தனக்கென்று ஒரு மேல்வரம்பு வைத்திருக்கிறது, அதை முட்டியதும் தானே நின்றுவிடுகிறது. வெளியேறும் எண்ணும் 137-க்குப் பதிலாக 134 ஆக இருக்கும். நோட்_ஆப்ஷன்ஸ் மாறியில் --மேக்ஸ்-ஓல்ட்-ஸ்பேஸ்-சைஸ் மதிப்பை எம்பி கணக்கில் கூட்டலாம். ஆனால் ஒரு ஜிபி இயந்திரத்தில் 4096 என்று எழுதினால் 134 போய் 137 வரும், அவ்வளவுதான். இருக்கும் ராமையும் ஸ்வாப்பையும் பார்த்து எழுதுங்கள். லாக் கோப்பு (எந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பு என்று பூட்டி வைத்த பட்டியல்) கையில் இருந்தால் "என்பிஎம் சிஐ" பயன்படுத்துங்கள். சார்புகளை, அதாவது கூடவே தேவைப்படும் மற்ற பேக்கேஜ்களை, புதிதாகக் கணக்கிடும் வேலை மிச்சம்.

பிஎச்பி பேக்கேஜ்களை நிறுவும் கம்போசரில் "அலவுட் மெமரி சைஸ் ஆஃப் 1610612736 பைட்ஸ் எக்ஸாஸ்டட்" என்கிறது.

அந்த எண்ணை 1024-ஆல் இரண்டு முறை வகுத்துப் பாருங்கள், சரியாக 1536 வரும். பிஎச்பியின் வரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால், கம்போசர் தானே அதை 1.5 ஜிபிக்கு உயர்த்திக்கொண்டு ஓடுகிறது. அதுவும் போதவில்லை என்பதே செய்தி. கம்போசர்_மெமரி_லிமிட் மாறியில் மைனஸ் 1 வைத்தால் வரம்பு நீங்கும். ஆனால் அதற்கு முன் பதிப்பைப் பாருங்கள். 2020 அக்டோபரில் வந்த கம்போசர் 2, மெமரித் தேவையை வெகுவாகக் குறைத்தது. இன்னும் பழைய 1-ஐ வைத்திருந்தால் மாறுங்கள். சர்வரில் "அப்டேட்" ஓட்டாதீர்கள். உங்கள் கணினியில் அப்டேட் செய்து, லாக் கோப்பை ஏற்றி, சர்வரில் "இன்ஸ்டால்" மட்டும் கொடுங்கள்.

பிப் போன்ற இன்னொரு நிறுவும் கருவியான கோண்டா "சால்விங் என்விரான்மென்ட்" என்ற இடத்தில் மெமரியை விழுங்குகிறது.

மேம்படுத்துங்கள். 23.10 பதிப்பு முதல் எந்தப் பதிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் என்று கண்டுபிடிக்க லிப்மாம்பா என்ற வேகமான தீர்ப்பான் இயல்பாக வருகிறது.

உண்மையில் எவ்வளவு மெமரி தேவைப்பட்டது என்று அளக்க முடியுமா?

முடியும், இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். டைம் என்ற கருவியை யுஎஸ்ஆர்-பின் என்ற முழுப் பாதையோடும் "மைனஸ் வி" விருப்பத்தோடும் கொடுத்து, பின்னால் நிறுவல் கட்டளையை எழுதுங்கள். முழுப் பாதை அவசியம். வெறுமனே டைம் என்றால் ஷெல்லின் சொந்தக் கட்டளை ஓடிவிடும். முடிவில் "மேக்ஸிமம் ரெசிடெண்ட் செட் சைஸ்" என்று கிலோபைட்டில் ஓர் எண் வரும். ஆனால் கவனம்: அது அங்கு ஓடிய புராசஸ்களில் மிகப் பெரிய ஒன்றின் உச்சம்தான். நான்கு கம்பைலர்கள் சேர்ந்து ஓடினால் ஒன்றின் கணக்குதான் தெரியும், மொத்தம் தெரியாது.

வேறு கணினியில் கட்டி எடுத்து வருவது எப்படி?

பெரிய இயந்திரத்தில் "பிப் வீல்" கொடுத்து ஓர் அடைவில் வீல்களைச் சேர்த்து, சிறிய இயந்திரத்துக்கு நகலெடுங்கள். அங்கே --நோ-இன்டெக்ஸ் விருப்பத்தோடும், --ஃபைண்ட்-லிங்க்ஸ் என்பதில் அந்த அடைவின் பாதையோடும் நிறுவுங்கள். மூன்று பொருத்தங்கள் வேண்டும்: செயலி வகை, பைத்தான் பதிப்பு, ஜிலிப்சி. கட்டும் இயந்திரத்தின் ஜிலிப்சி சர்வரில் இருப்பதைவிடப் புதியதாக இருந்தால் நிறுவும்வரை ஒன்றும் தெரியாது, இம்போர்ட் செய்யும்போது விழும். சர்வரில் உள்ள அதே லினக்ஸ் பதிப்பின் டாக்கர் இமேஜுக்குள் கட்டினால் இந்தக் கவலை இல்லை.

டெபியன், உபுண்டுவின் நிறுவும் கருவியான ஆப்ட்டில் நிறுவல் பாதியில் கொல்லப்பட்டது. இப்போது எந்த ஆப்ட் கட்டளையும் ஓடவில்லை.

பதறாதீர்கள். முதலில் ஸ்வாப் போடுங்கள், இல்லாவிட்டால் அதே இடத்தில் மறுபடி விழும். பிறகு "டிபிகேஜி --கான்ஃபிகர் மைனஸ் ஏ", அதைத் தொடர்ந்து "ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்". ஒரே நேரத்தில் இரண்டு ஆப்ட் ஓடாமல் தடுக்கும் பூட்டுக் கோப்புகளைக் கையால் அழிக்கச் சொல்லும் அறிவுரைகள் நிறையக் கிடைக்கும். இன்னொரு ஆப்ட் எங்காவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்காமல் அதைச் செய்யவே கூடாது.

நிறுவி முடித்துவிட்டேன். ஸ்வாப் கோப்பை எடுத்துவிடலாமா?

எடுக்கலாம். முதலில் ஃப்ரீ கட்டளையில், ஸ்வாப்பில் இப்போது இருக்கும் அளவைவிட அவைலபிள் அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்வாப்ஆஃப் கொடுத்ததும் அங்கே இருப்பதெல்லாம் ராமுக்குத் திரும்ப வேண்டும். இடமில்லாவிட்டால் மறுபடி ஓஓஎம் கில்லர் வரும். இடம் இருந்தால் ஸ்வாப்ஆஃப் கொடுத்து, எஃப்எஸ்டேப்பில் வரி எழுதியிருந்தால் அதை நீக்கி, அப்புறம் கோப்பை அழியுங்கள். என் சர்வரில் நான் எடுப்பதில்லை. 1 ஜிபி ஸ்வாப் கோப்பு வட்டில் கிடக்கிறது, அடுத்த மாதம் மேம்படுத்தும்போது மறுபடி வேண்டியிருக்கும்.